சிவந்துபோன சுருள்

(மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் இருப்பது ஒரு முழம் நீளப் படச்சுருள். முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கி, மேலே எரியும் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். ஓரத்தில் பிடித்தால் போதும், படத்தின்மேல் விரல் பட வேண்டாம். என் தாய்மாமா இந்த ஊரில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். ரீல் அறுந்தால் இரண்டு முனையையும் சீராக வெட்டி, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்டுவார். வெட்டிப் போட்ட துண்டு எனக்கு வரும். இதுவும் அப்படி வந்ததுதான்.

எண்ணிப் பாருங்கள், இதில் 24 கட்டங்கள் இருக்கும். திரையில் ஒரு விநாடிக்கு ஓடுவது 24 கட்டம். ஆக, ஒரு முழம் சுருள் என்பது சரியாக ஒரு விநாடி. பூக்காரம்மா கையால் அளந்து கொடுப்பதைப் போல என் மாமா காலத்தை அளந்து என் கையில் கொடுத்திருக்கிறார்.

ஏழு வயதில் நான் இதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தபோது, பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் நீல வானம். இப்போது உங்களில் யாருக்கும் பச்சையும் தெரியாது, நீலமும் தெரியாது. சேலை, வானம், முகம் எல்லாமே வெளிறிய ரோஜா நிறம். ஈஸ்ட்மன் கலர் சுருளில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும்: மஞ்சள், கருஞ்சிவப்பு, பச்சைநீலம். அந்தக் காலத்துப் பிரதிகளில் பச்சைநீலம்தான் முதலில் விட்டுப்போகும். இருட்டில் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் போகும். நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் இன்னும் சீக்கிரம் போகும். கடைசியில் மிஞ்சுவது இந்தச் சிவப்பு.

இன்று நான் பேச வந்தது வண்ண ஒளிப்பதிவுக்குக் கொடுத்த பரிசுகளைப் பற்றி. கோப்பை பளபளப்பாக அலமாரியில் இருக்கிறது, அதை வாங்கித் தந்த நிறம் பல இடங்களில் இப்படிப் போய்விட்டது. அதனால்தான் சுருளிலிருந்து தொடங்கினேன்.

வண்ணத்துக்கென்று தனிப் பரிசு ஏன் வந்தது? 1930களில் வண்ணப்படம் என்றால் டெக்னிக்கலர். அந்தக் கேமராவுக்குள் ஒரு முப்பட்டகம், அதற்குப் பின்னால் ஒரே நேரத்தில் ஓடும் மூன்று நெகட்டிவ்கள். கேமராவை யாரும் விலைக்கு வாங்க முடியாது. கம்பெனியிடம் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும், கூடவே கம்பெனி ஆட்களும் வருவார்கள். ஒளியை அத்தனை பங்கு போடுவதால் செட்டில் கண் கூசும் அளவுக்கு ஆர்க் விளக்குகளை எரிக்க வேண்டும். இப்படி எடுத்த படத்தையும் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்று ஆஸ்கர்காரர்கள் நினைத்தார்கள். 1936, 1937, 1938 படங்களுக்கு வண்ணத்துக்கென்று சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். 1939 படங்களிலிருந்து ஒளிப்பதிவுப் பரிசையே இரண்டாகப் பிரித்தார்கள். அந்த முதல் ஆண்டில் வண்ணப் பரிசு ‘கான் வித் த விண்ட்’ படத்துக்காக எர்னஸ்ட் ஹாலருக்கும் ரே ரென்னஹனுக்கும் போனது. அதே ஹாலர் பிற்பாடு பம்பாய்க்கு வந்து, சோராப் மோடியின் ‘ஜான்சி கி ராணி’யை டெக்னிக்கலரில் எடுத்துக் கொடுத்தார். 1953இல் வெளிவந்த படம் அது. அந்த வண்ண ஆஸ்கர் வாங்கிய கை இந்திய வெயிலையும் அளந்து பார்த்திருக்கிறது.

எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்தது 1947ஆம் ஆண்டின் பரிசு. ‘பிளாக் நார்சிஸஸ்’ என்ற பிரிட்டிஷ் படம், ஒளிப்பதிவு ஜாக் கார்டிஃப். இமயமலைச் சரிவில் ஒரு கன்னியர் மடத்தில் நடக்கும் கதை. ஆனால் படத்தைக் கிட்டத்தட்ட முழுக்க இங்கிலாந்தில் பைன்வுட் ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுத்தார்கள். தூரத்தில் தெரியும் மலைகள் சில பெரிதாக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், அவற்றின்மேல் வண்ணச் சுண்ணாம்புக் கட்டியால் நிறம் தீட்டியிருந்தார்கள். நான் சொல்ல வந்தது மலையைப் பற்றி இல்லை. படம் நெடுக கன்னியர்கள் வெள்ளை அங்கியில் வருகிறார்கள், சுவர்கள் வெளிறியிருக்கின்றன, முகங்களில் பூச்சு இல்லை. அப்படியே ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நம் கண்ணைப் பசியோடு வைத்திருக்கிறார் கார்டிஃப். பிறகு ஒருத்தி அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உதட்டுச் சாயம் பூசுகிறாள். அந்த ஒரு சிவப்பு போதும், நெஞ்சு படபடக்கிறது. வண்ணத்தை அள்ளிக் கொட்டியவருக்குப் பரிசு போகவில்லை, கடைசி வரைக்கும் பிடித்து வைத்திருந்தவருக்குப் போனது. நான் பார்த்த வரையில், வண்ண ஒளிப்பதிவுக்கான நல்ல பரிசுகள் எல்லாமே இப்படி அடக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் போயிருக்கின்றன.

1966 படங்களோடு ஆஸ்கரில் இந்தப் பிரிவினை முடிந்தது. எல்லாமே வண்ணமாகிவிட்ட பிறகு தனிப் பரிசுக்கு என்ன வேலை? 1967லிருந்து ஒரே பரிசு. அதே 1967ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் இந்திய அரசு தேசியத் திரைப்பட விருதுகளில் ஒளிப்பதிவைச் சேர்த்தது, சேர்த்தபோதே கறுப்பு வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று என்று பிரித்தது. அங்கே மூடிய கதவு இந்தியாவில் திறந்தது. சிலர் இதைப் பின்தங்கிய புத்தி என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வண்ணச் சுருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும், அரசு அளந்து அளந்துதான் கொடுத்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் செய்து கொண்டிருந்த காலம். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாக இருக்கும், ஒரு பாட்டு மட்டும் திடீரென்று வண்ணத்தில் வரும். இந்த மண்டபத்தில் அறுபதைத் தாண்டிய யாருக்கும் அந்த நிமிடம் மறந்திருக்காது. அப்படிப்பட்ட நாட்டில் இரண்டு வகையையும் தனித்தனியாகப் பார்த்ததுதான் நியாயம்.

தமிழில் முழுநீள வண்ணம் 1956இல் வந்துவிட்டது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, கேவா கலரில். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959இல் வந்தது, அதன் பிரதிகள் லண்டனில் டெக்னிக்கலரில் போடப்பட்டன. ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கிய தமிழ்ப் படங்களில் ஒன்று 1969ஆம் ஆண்டுப் படமான ‘சாந்தி நிலையம்’. வாங்கியவர் மார்கஸ் பார்ட்லி.

பார்ட்லி ஆங்கிலோ இந்தியர். ‘மாயாபஜா’ரில் நிலவொளியில் ஓடம் போகுமே, அந்த நிலவொளியைச் செய்தவர் அவர்தான். 1957 படம், கறுப்பு வெள்ளை. இன்றைக்கும் அந்தத் தண்ணீரில் கிடக்கும் ஒளியைப் பார்க்கிறவர்கள், அது விளக்கு என்று நம்ப மறுப்பார்கள். எட்டு வருடம் கழித்து ‘செம்மீன்’ படத்தில் கேரளக் கடலை வண்ணத்தில் எடுத்தார். கறுப்பு வெள்ளையில் நிலவு செய்யத் தெரிந்தவருக்கு வண்ணத்தில் கடல் எடுக்கத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பச்சையையும் நீலத்தையும் பார்ப்பதற்கு முன்னால், எங்கே இருட்டு வேண்டும் என்பதை அவர் பார்த்துவிடுவார்.

இப்போது நம் வீட்டுக்கு நெருக்கமான ஒரு கதைக்கு வருகிறேன். சற்று நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்கரில் வண்ணத்தையும் கறுப்பு வெள்ளையையும் பிரித்து வைத்த அந்த நீண்ட காலத்தில், ஒரே ஒரு ஆண்டு மட்டும் இரண்டையும் சேர்த்து ஒரே பரிசாகக் கொடுத்தார்கள். 1957 படங்களுக்கு. அந்த ஒற்றைப் பரிசை வாங்கியவர் ஜாக் ஹில்ட்யார்ட். படம் டேவிட் லீன் இயக்கிய ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’. சயாம் மரண ரயில் பாதையின் கதை.

சயாம் மரண ரயில் என்று நான் சொன்னதும் இந்த மண்டபத்தில் சில முகங்கள் மாறியதைப் பார்க்கிறேன். 415 கிலோமீட்டர் பாதை. ஜப்பான்காரன் காலத்தில், 1942, 43இல் போட்டது. அதில் ஏறத்தாழ 90,000 ஆசியத் தொழிலாளர்கள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட நம் தமிழர்கள். காலராவில் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. என் பாட்டியின் அண்ணன் போனார், திரும்பவில்லை. போன தேதி தெரியாததால் வீட்டில் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்குப் படையல்.

அந்தப் படத்தில் பிரிட்டிஷ் கைதிகளின் மானம் இருக்கிறது, ஜப்பானிய அதிகாரியின் வெறி இருக்கிறது. நம் ஆட்களின் கதை அதில் இல்லை. நான் அந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒளிப்பதிவு என்னை வாய்பிளக்க வைத்தது. காட்டின் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இல்லாமல், வியர்வை பிடித்த பச்சையாக இருக்கும். அதைச் செய்வது எளிதல்ல. ஒவ்வொரு முறையும் சட்டத்தின் ஓரத்தில் ஒரு தமிழ் முகத்தையும் தேடினேன். இரண்டு உணர்வும் எனக்குள் சேர்ந்தேதான் இருக்கின்றன. நமக்கென்று அந்தக் கதையை எழுத்தில் வைத்துவிட்டுப் போனார் ஆர். சண்முகம், ‘சயாம் மரண ரயில்’ நாவலில்.

லீன் அந்தப் பாலத்தைச் சயாமில் கட்டவில்லை. இலங்கையில் கித்துல்கலவில் களனி ஆற்றின்மேல் கட்டினார். படப்பிடிப்பு நடந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்த ஒரு மட்டக்களப்புப் பையன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இயக்குநர் மழை என்று குரல் கொடுத்தார், மழை பெய்தது. பையன் உறைந்து போனான். பிற்காலத்தில் அவரே இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார். அமிர்தகழியில் பிறந்த அந்தப் பையன்தான் பாலு மகேந்திரா.

புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். 1977இல் அவர் முதலில் இயக்கிய கன்னடப் படம் ‘கோகிலா’, கறுப்பு வெள்ளை. அந்தப் பிரிவில் தேசிய விருது. 1982இல் ‘மூன்றாம் பிறை’, வண்ணம். மறுபடியும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது. இரண்டு பக்கமும் பரிசு வாங்கிய அவர், 1989இல் ‘சந்தியா ராகம்’ எடுக்கத் திரும்பவும் கறுப்பு வெள்ளைக்கே போனார். வண்ணம் கிடைக்காமல் போனதால் அல்ல. ஒரு முதியவரின் கடைசிக் காலத்துக்கு அந்தச் சாம்பல் நிறமே போதும் என்று அவர் கண் சொன்னது.

‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊட்டிக்கு அருகே கேத்தி ரயில் நிலையம். மழை கொட்டுகிறது. சேறு, நனைந்த சட்டை, நகரும் ரயில் பெட்டி. ஊட்டிக்குப் போய்ப் படம் எடுத்தவர்கள் அதுவரை பூவையும் புல்வெளியையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இவர் மேகமூட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வெயில் அடிக்காத மலையில் பச்சை எப்படி இருக்குமோ, அப்படியே விட்டார். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் போதும் என்றால் விளக்கைத் தொட மாட்டார். கித்துல்கலவில் கேட்ட மழைதான் கேத்தியில் பெய்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

‘மூன்றாம் பிறை’க்கு இரண்டு ஆண்டு முன்பு அதே விருதை வாங்கியவர் அசோக்குமார், ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’க்காக. காலைப் பனியில் ஓட்டப் பயிற்சி போகிற அந்த ஆணையும் பெண்ணையும் பனியே பாதி மறைத்திருக்கும். பாலு மகேந்திராவுக்குப் பின், 1987இல் பி.சி. ஸ்ரீராம், ‘நாயக’னுக்காக. தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம், கண் குழிக்குள் நிழல், கண்ணைப் பார்க்க விடாமல் ஒரு நாயகன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘காட்ஃபாதர்’ படத்தில் அப்படி இருட்டில் முகத்தை வைத்த கார்டன் வில்லிஸுக்கு, அந்தப் படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. அவர்கள் கௌரவ விருது கொடுப்பதற்கு 2009 ஆகிவிட்டது. இந்தியத் தேர்வுக் குழுவினர் ஸ்ரீராமின் இருட்டை அந்த ஆண்டே கண்டுகொண்டார்கள். அவர்களுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். பிறகு ‘இருவர்’ படத்துக்காகச் சந்தோஷ் சிவன், ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்காக ரவி வர்மன் என்று அந்த வரிசை நீள்கிறது.

தேசிய விருதில் எனக்குப் பெருமையாகப் படும் இன்னொரு வழக்கம் உண்டு. பல ஆண்டுகள் ஒளிப்பதிவாளரோடு சேர்த்து, அந்தச் சுருளைக் கழுவிய லேபையும் விருதுப் பட்டியலில் எழுதினார்கள். ரசாயனத் தொட்டிப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கும் அதில் பங்கு. பச்சை பச்சையாக வந்ததற்கு அவர்களும் காரணம்.

சரி, நம் தீவுக்கு வருவோம்.

ஜார்ஜ்டவுனில் பிறந்த மலாய் நடிகர் பி. ரம்லியை முதலில் கதாநாயகனாக்கியவர் மதராஸில் பிறந்த எல். கிருஷ்ணன், 1950இல் ‘பக்தி’ படத்தில். ரம்லி இயக்கிய, எண்ணெய் மனிதனின் சாபம் என்று பொருள்படும் ‘சும்பா ஓராங் மிஞ்ஞாக்’ 1958இல் மணிலாவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியது, கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்காக. நம் பக்கத்து விழாவிலும் பரிசை அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். எண்ணெய் பூசிய ஒரு கறுத்த உடல் இரவில் மின்னுவதை வண்ணத்தில் எடுத்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு 1992. ‘இந்தோசீன்’ என்ற பிரெஞ்சுப் படத்துக்காக நம் தெருக்கள் சைகோன் நகரமாக வேஷம் போட்டன. லீத் தெருவில், இன்று நீல மாளிகை என்று எல்லோரும் சொல்லும் சியோங் ஃபாட் சே மாளிகையில் கேமரா வைத்தார்கள். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரான்சுவா காத்தோனேவுக்குப் பிரான்சின் சேசார் விருது கிடைத்தது. படத்துக்கு அந்நிய மொழிப் பிரிவில் ஆஸ்கரும் வந்தது. கதையின் நாயகி ஒரு ரப்பர்த் தோட்ட முதலாளி. மாலை நாலு மணிக்கு மேல், மழை விட்ட பிறகு, சுண்ணாம்புச் சுவரில் நம் ஊர் வெளிச்சம் எப்படி மஞ்சளாக இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வெளிச்சத்துக்குப் பாரிஸில் பரிசு கிடைத்திருக்கிறது. அதை நம் கேமரா எடுக்கவில்லை, அந்த ஊர் திரையில் நம் ஊராக இருக்கவும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, காத்தோனேயின் கண்ணுக்கு நான் தலை வணங்குகிறேன். பால்மரக் காட்டில் விடியற்காலை நாலரை மணிக்கு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன பெண்ணின் வெளிச்சம் எப்படி இருக்கும்? அது தெரிந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அதைப் படம் எடுக்க வேண்டியவர்கள் அவர்களின் பேரப்பிள்ளைகள்.

அதற்கான வாசல் திறந்துதான் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் பையனைப் பற்றி சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ‘ஜகாட்’ உங்களுக்குத் தெரியும். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் வைத்தபோது, எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முகமட் நூர் காசிம் என்ற ஒளிப்பதிவாளரும் ஒருவர். அந்த விழாவில் தாம் முன்பு வாங்கிய கோப்பைகளைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். எதிர்ப்புக்குப் பிறகு விதி திருத்தப்பட்டது, ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. கறுப்பு வெள்ளை, வண்ணம் என்று பிரித்ததற்குச் சுருளும் ரசாயனமும் காரணம். மொழியை வைத்துப் பிரிப்பதற்கு அப்படி ஒரு காரணத்தை யாரும் காட்ட முடியாது. வெளிச்சத்தை வைத்துப் பிழைக்கிற ஒருவரும் அதை உணர்ந்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சுருள் கடைசி வரிசை வரை போய்விட்டதா? நல்லது. கையில் வைத்திருக்கும் அம்மா, மூக்கருகே கொண்டு போய்ப் பாருங்கள். லேசாகப் புளித்த காடி வாசம் வருகிறதா? அது சுருளின் அடித்தளமே கெடத் தொடங்கியதன் அறிகுறி. இன்னும் சில வருடத்தில் அது சுருங்கும், வளையும், ஒடியும்.

உங்கள் வீட்டில் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ பழைய சுருள்கள் கிடந்தால், துருப்பிடித்த தகரப் பெட்டியிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம். குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் காற்றுப் படும்படி வையுங்கள். புளித்த வாசம் வருவதை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள், அது தொற்றும். எந்தப் படம், எந்தத் தியேட்டரில் ஓடியது, எந்தச் சேலை என்ன நிறமாக இருந்தது என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்த நிறம் சுருளில் போய்விட்டது, இப்போது உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. இந்த ஊர்த் தியேட்டர்களில் ஆபரேட்டராகவோ டிக்கெட் கிழிப்பவராகவோ வேலை செய்த பெரியவர்கள் யாராவது வந்திருந்தால், தயவுசெய்து போய்விடாதீர்கள். நான் வாசலில்தான் நிற்கப் போகிறேன், நோட்டுப் புத்தகமும் கொண்டு வந்திருக்கிறேன்.